லேனா கேட்ட தனி அறை

"அக்கா என் ரூம்ல படுக்க வேண்டாம். அது மட்டும்தான்" என்றாள் லேனா.

ஜீவிதா காந்தாவைப் பார்த்தாள். தொண்டு செய்ய வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகளைக் காஞ்சிபுரத்தில் குடும்பங்களோடு தங்கவைப்பது ஜீவிதாவின் வேலை. லேனா ஜெர்மனிக்காரி. அங்கேயே கொஞ்சம் தமிழ் படித்துவிட்டு, காது கேளாத குழந்தைகளுக்குச் சொல்லித்தர வந்தவள். மூன்று மாதமாகப் பிள்ளையார்பாளையத்தில் காந்தாவின் வீட்டில்தான் இருக்கிறாள். இன்னும் மூன்று மாதம் இருந்தாக வேண்டும். ஆனால் நேற்று, வேறு இடம் வேண்டும் என்று போன் செய்துவிட்டாள்.

"இன்னாக்கா இது?" என்றாள் ஜீவிதா. "அவங்களுக்குன்னு ஒரு ரூம் வேணும்னு மொதல்லியே சொன்னேன் இல்ல?"

"குடுத்துதானேம்மா இருக்கேன்? கட்டில்ல அவ படுத்துக்கறா. நான் கீழ ஓரமா பாய் போட்டுக்கறேன். வயசுப் பொண்ணு, ஊரு வுட்டு ஊரு வந்திருக்குது. தனியா வுட்டுட்டு எனக்கு எப்டி தூக்கம் வரும்?"

"எனக்குத்தான் தூக்கம் வரலை" என்றாள் லேனா. "நான் திரும்பிப் படுத்தா, 'இன்னாம்மா, தண்ணி வேணுமா?' கேக்கறாங்க. இருமினா கஷாயம் வருது. எங்கம்மாகூட வீடியோல பேசினா, அக்கா நடுவுல வந்து டாட்டா காட்டறாங்க."

ஜீவிதா சிரித்துவிட்டாள். காந்தாவின் கணவன் ஆனந்தராஜும் சிரித்தான். பட்டுக் கடையில் சேல்ஸ்மேன் அவன். பேச்சும் சிரிப்பும் அவனுக்குக் கைவந்தவை.

"நல்லா கேளும்மா ஜீவிதா. பொண்ண தொந்தரவு பண்ணாதேடின்னு நானும் சொல்லிக்கினுதான் இருக்கேன். இவ கேட்டாத்தானே? கட்டின புருசன் மேல இல்லாத பாசம் ஜெர்மனி மேல!"

"அண்ணா ரொம்ப நல்லவர்" என்றாள் லேனா. காந்தாவை அக்கா என்றும் அவனை அண்ணா என்றும் கூப்பிட்டு, வந்த புதிதில் தெருவையே சிரிக்கவைத்தவள் அவள். "காலையில எனக்கு தோசை சுட்டுத் தராரு. சத்தமாகூட பேச மாட்டாரு. அக்கா லக்கி."

காந்தா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற இன்னா கொறை, சொல்லும்மா. காரம் வேணாம்னே, எங்களுக்கும் சேத்து நிறுத்திட்டேன். கேக்காம தட்டுல வைக்காதேன்னே, வைக்கறதில்ல. எங்க போறே, எப்ப வருவேன்னு கேக்காதேன்னே, வாய மூடிக்கினு இருக்கேன். இது ஒண்ணுதானே? சரி, நீ கதவ சாத்திக்கோ. நான் உன் ரூம் வாசல்ல படுத்துக்கறேன்."

"வாசல்லயா!" லேனா மிரண்டு போனாள். தமிழில் வார்த்தை அகப்படாமல் ஜீவிதாவிடம் ஆங்கிலத்தில் படபடவென்று ஏதோ சொன்னாள்.

"மூச்சு முட்டுதாம்க்கா அவங்களுக்கு" என்றாள் ஜீவிதா, குரலைத் தாழ்த்தி. "கொழந்த இல்லாத வூடு, பாசம் வைக்கறீங்க. எனக்குப் புரியுது. ஆனா அவங்களும் இறங்கித்தான் வராங்க. நீங்க உங்க ரூம்ல, அண்ணன்கூட படுத்துக்கினா போதும், இங்கியே இருக்கேங்கறாங்க. வேற ஒண்ணுமே கேக்கல."

"படுத்துப்பா, படுத்துப்பா" என்றான் ஆனந்தராஜ். "இன்னிலேர்ந்தே எங்க ரூம்தான். இன்னா காந்தா?"

மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். ஒரு 'சரி' சொன்னால் போதும், லேனா போகமாட்டாள்.

"அது மட்டும் முடியாதும்மா" என்றாள் காந்தா.

"இன்னாக்கா இப்டி அடம் புடிக்கிறீங்க?" ஜீவிதாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சின்னக் கொழந்தைங்களே தேவல போல!"

லேனாவின் கண் கலங்கியது. ஆனாலும் உள்ளே போய்ப் பைகளை எடுத்துவந்தாள். காந்தாவைக் கட்டிக்கொண்டு, "சாரி அக்கா" என்றாள். காந்தா அவளை விடவே இல்லை. ஜீவிதாதான் மெல்லப் பிரித்துவிட்டாள்.

"இருந்துட்டுப் போயேன்டி. ஒரு வாரம். இந்த ஒரு வாரம் மட்டும்" என்று காந்தா வாசல் வரை கெஞ்சிக்கொண்டே வந்தாள். அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தார்கள்.

பைகளை ஆனந்தராஜே தூக்கி ஆட்டோவில் வைத்தான். "எப்ப வேணா வாம்மா. இது உன் வூடு. இவ அழுவறத மனசுல வெச்சிக்காதே, ரெண்டு நாள்ல சரியாயிடுவா."

"அக்காவை நல்லா பாத்துக்குங்க அண்ணா" என்றாள் லேனா.

ஆட்டோ தெருமுனையில் மறையும்வரை கையசைத்துவிட்டு அவன் உள்ளே வந்தான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினான். இன்னும் கூட்டினான்.

"மூணு மாசமா அவ ரூம்ல போயி பதுங்கிக்கினே இல்ல?" என்றான்.

காந்தா கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அலமாரியின் மேல் வைத்தாள். அடி விழும்போது உடைந்தால், போன தடவை மாதிரி மணிக்கட்டைக் கிழித்துவிடும்.