கழுத்துப் பட்டை

“பொண்ணுக்குக் கழுத்துப் பட்டையை மாட்டும்மா! கம்பெனியில சேஃப்டி ட்ரெய்னிங்கே நான்தான் குடுக்கறேன்,” என்று ஆம்புலன்ஸில் ஏறியதிலிருந்து கத்திக்கொண்டிருந்தார் அப்பாஸ்.

மாமரத்திலிருந்து விழுந்த அவருடைய ஆறு வயது மகள் மெஹக், பட்டையைக் கண்டாலே அலறித் திமிறினாள்.

“உங்க ட்ரெய்னிங் பொம்மை அழாது சார், இவ அழுவா,” என்ற ஆம்புலன்ஸ் ஊழியர் சரிதா, பட்டையை ஓரம் வைத்துவிட்டு, சிறுமியின் தலைக்கு இருபுறமும் துண்டைச் சுருட்டி அண்டைகொடுத்தாள். “உங்க மூஞ்சி எங்க போவுதோ அங்கதான் அவ தலையும் திரும்பும். அவளுக்கு நேரா மேல குனிஞ்சு, அசையாம ஏதாவது பேசிட்டே வாங்க.”

பாகலூரிலிருந்து ஓசூர் ஆஸ்பத்திரி வரை, குண்டும் குழியுமான ரோட்டில், குனிந்தபடியே ராகி தின்ற யானைக் கதையைச் சொன்னார் அப்பாஸ். மெஹக் அசையவே இல்லை.

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு நிமிர்ந்த டாக்டர், “கழுத்துப் பட்டை எடுத்துட்டு வாங்க,” என்றார்.

“பாத்தியா! நான் அப்பவே சொல்லல?” என்று சரிதா பக்கம் வெற்றியோடு திரும்பினார் அப்பாஸ். உடம்புதான் திரும்பியது, கழுத்து வரவில்லை.

“பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. உள்ள வந்ததுலருந்து கழுத்தத் திருப்பாதது நீங்கதான்,” என்றபடி பட்டையை அவருக்கு மாட்டினார் டாக்டர்.

பிஸ்கட்டும் கையுமாக மெஹக் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

“தலைய ஆட்டாதீங்க அத்தா. யானைக் கதைய நான் சொல்றேன்.”