லேப்டாப்புக்குப் பொட்டு

லேப்டாப்பின் கேமராக் கண்ணில் குங்குமம்.

நட்டநடுவில். அதற்கு மேல் ஒரு சாமந்திப்பூ.

அவள் சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் அவள் கணவன் நவநீதன் வீட்டையே கொண்டுவந்து அடுக்கியிருந்தான். மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, ஸ்கூட்டர் சாவி, டிவி ரிமோட், எடை பார்க்கும் மிஷின். அவளை மட்டும் விட்டுவைத்திருந்தான், ஏற்கெனவே பொட்டு இருந்ததால்.

கற்பூரமும் காட்டியாகிவிட்டது.

இனி நாளைக் காலை வரை எதையும் தொடக் கூடாது.

இன்று மாலை ஆறரைக்கு, டொரன்டோவில் பனி அள்ளும் லாரிகள் வைத்திருக்கும் முதலாளிக்கு அவள் ஒரு செயலியை இயக்கிக் காட்ட வேண்டும். எந்தத் தெருவில் எந்த லாரி நிற்கிறது என்று சொல்லும் செயலி. மதுரையில் பிறந்து மார்கழிப் பனியைத் தவிர வேறு பனியே பார்க்காதவள் செய்தது. தேதியை இன்றைக்கு மாற்றலாமா என்று அவர் கேட்டபோது, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்காமலே "ஆகட்டும்" என்றுவிட்டாள். யார் எதைக் கேட்டாலும் அவள் வாயில் அதுதான் வரும்.

அவருக்குப் பிடிக்காவிட்டால் மாதக் கடைசியோடு அணியைக் கலைத்துவிடுவார்கள்.

அணி என்றால் அவளையும் சேர்த்து நாலு நாட்டில் நாலு பேர்.

ஹெல்சிங்கியில் ஐனோ. வருஷத்துக்கு ஏழு வார்த்தை பேசுவாள். அதில் நாலு, "ம்".

சாவோ பாலோவில் தியாகோ. அவன் பேச ஆரம்பித்தால் மூச்சே வரிசையில் நின்றுதான் உள்ளே போக வேண்டும்.

ஓசாகாவில் கென்ஜி. கூரை இடிந்து தலையில் விழுந்தாலும் "யோசித்துப் பார்க்கிறேன்" என்பார். முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மூன்று வருஷமாக மூவருக்கும் சேர்த்து அவளே பேசினாள். அவர்கள் சொல்ல வேண்டிய வணக்கத்தைக்கூட அவளே எழுதி அனுப்பினாள்.

லேப்டாப்பைப் பார்த்தாள். லேப்டாப் பார்க்கவில்லை.

பத்தாம் வகுப்பில், இதே சரஸ்வதி பூஜையன்று, படத்துக்கு முன்னாலிருந்த கணக்குப் புத்தகத்தைத் திருட்டுத்தனமாக உருவினாள். வாங்கியது முப்பத்துநாலு மார்க். கடவுள் இருக்கிறாரா என்பதில் அவளுக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. அந்தக் குறைந்த ஒரு மார்க்கில் சந்தேகமே இல்லை.

செல்போனில் விஷயத்தை எழுதி, படமும் எடுத்து, அணிக்கு அனுப்பினாள்.

தியாகோ பதினாறு கேள்வி கேட்டான்.

கென்ஜி யோசித்துப் பார்ப்பதாகச் சொன்னார்.

ஐனோ ஒரே வார்த்தை எழுதினாள். சரி.

அவ்வளவுதான். நவநீதன் கையை நீட்டினான். செல்போனுக்கும் பொட்டு வைத்தான். அதற்குத் தனிக் கற்பூரம்.

“ஒரு சாயங்காலம் நீ பேசலைன்னா டொரன்டோவுல பனி பெய்யாமப் போயிருமா?”

ஆறரை மணி.

சுண்டலைத் தின்றாள். அள்ளி அள்ளித் தின்றாள். தெருவுக்கே ஊறவைத்த சுண்டல் அது.

மூன்று தரம் அவள் விரல் லேப்டாப் வரை போயிற்று. மூன்று தரமும் முப்பத்துநாலு குறுக்கே வந்து நின்றது.

ஏழரை மணி.

சுண்டல் தீர்ந்தது.

மறுநாள் விஜயதசமி. நவநீதன் மணியடித்து முடிக்கும் முன்பே லேப்டாப் அவள் மடியில் இருந்தது. நேற்றைய கூட்டத்தின் பதிவைத் திறந்தாள்.

ஐனோ பேசிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தெட்டு நிமிஷம் பேசினாள். நடுவில் சிரிக்கவும் சிரித்தாள். அவளுக்குப் பல் இருக்கும் விஷயமே அணிக்கு இப்போதுதான் தெரிந்திருக்கும்.

தியாகோ வாயைத் திறக்கவில்லை. ஐனோ தடுமாறிய இடங்களில் மட்டும் சரியான தெருவைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தினான்.

கடைசியில் லாரி முதலாளி கேட்டார். இன்னும் மூன்று வாரத்தில் முதல் பனி விழும். அதற்குள் எல்லா லாரியையும் சேர்த்துவிட முடியுமா?

பதிவு என்பதை மறந்து அவள் "ஆகட்டும்" என்று வாயெடுத்தாள்.

“முடியாது” என்றார் கென்ஜி.

நிறுத்தினாள். பின்னால் ஓட்டி மறுபடியும் கேட்டாள். பதினோரு தரம் கேட்டாள். நவநீதனைக் கூப்பிட்டு அவனுக்கும் போட்டுக் காட்டினாள்.

முதலாளி காலண்டரைப் புரட்டினார். பிறகு, அப்படியென்றால் ஜனவரியில் தொடங்கலாம் என்றார். இதை இத்தனை நாள் ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்றும் கேட்டார். ஒப்பந்தத்தை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அவசரமாக அன்றைய கூட்டத்தைத் தொடங்கினாள். அவள் முகம் செக்கச்செவேல் என்று திரையில் வந்தது. கேமராவைத் துடைக்க மறந்திருந்தாள்.

யாரும் வரவில்லை.

ஐந்து நிமிஷம் கழித்து மூன்று படங்கள் வந்தன.

ஐனோவின் லேப்டாப், கேமராவில் ஒரு சொட்டுப் பழ ஜாம். முன்னால் தட்டில் பிஸ்கட்.

கென்ஜியின் லேப்டாப், முத்திரை குத்தும் சிவப்பு மையில் அளவெடுத்து வைத்த வட்டம்.

தியாகோவின் லேப்டாப், மனைவியின் உதட்டுச்சாயம். பக்கத்தில் மிக்ஸி, கித்தார், கார் சாவி, நெற்றியில் பொட்டுடன் நாய்.

கீழே ஐனோ எழுதியிருந்தாள். நாளைக் காலை வரை தொட முடியாது.

இவள் அடுத்த வாரக் கூட்டத்துக்காக மூவருக்கும் எழுதிவைத்திருந்த பேச்சைத் திறந்தாள். முதல் வரி வணக்கம்.

மூடினாள்.

நவநீதன் பூஜைச் சாமான்களைக் கழுவ எடுத்துப் போய்க்கொண்டிருந்தான்.

குங்குமச் சிமிழை மட்டும் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள்.