கிளியின் ஐம்பது புத்தகம்

இந்த வருஷம் ஐம்பது புத்தகம் படித்துக் காட்டுவதாக மைனாவிடம் சவால் விட்டது ஒரு கிளி. எருமையின் முதுகில் உட்கார்ந்து, ஒரு கப்பல்காரனைப் பற்றிய முதல் புத்தகத்தின் பின்னட்டையை மட்டும் உரக்க வாசித்துவிட்டு, "ஒன்று முடிந்தது" என்றது.

"அந்தக் கப்பல்காரன் ஊர் திரும்பினானா, இல்லையா?" என்று கேட்டது எருமை.

கிளிக்குத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் புத்தகத்தைத் திறந்தது. கதையில் புயல் வந்தால் எருமை அழும். பிடித்த இடம் வந்தால், "இன்னொரு தடவை படியேன்" என்று கெஞ்சும். அந்த ஒரு புத்தகம் முடிவதற்குள் டிசம்பர் வந்துவிட்டது.

மைனா பறந்து வந்தது. "என்னப்பா, எத்தனை ஆச்சு?"

கிளி வெட்கத்தோடு புத்தகத்தை மூடப் போனது.

"சத்தம் போடாதே, கப்பல் கவிழப்போகுது!" என்று மைனாவை அதட்டியது எருமை.

மைனா மெல்ல எருமையின் முதுகில் இறங்கியது. "எந்தக் கப்பல்?"

கிளி பெருமூச்சு விட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பியது.