கொலுமண்டபத்தில் தூசு இல்லை

"போனை ஆட்டாதீங்க மாமா. ரெண்டு கையாலயும் பிடிங்க" என்று கிசுகிசுத்தான் மைத்துனன்.

மாமா, பழைய அரண்மனையின் காப்பாளர். 'பத்து நிமிஷத்துல வீடியோவுல வர்றேன். கொலுமண்டபத்தைக் காட்டுங்க' என்று மேலதிகாரி திடுதிப்பென்று சொல்லிவிட்டார். ஒட்டடை தெரிந்தால் மாற்றல் நிச்சயம்.

அரண்மனை அறைகளை நாலாபுறமும் சுற்றிப் பார்க்கவும் கிட்டே இழுத்துப் பார்க்கவும் வசதியாகப் படமெடுத்து இணையத்தில் போடும் வேலையை ஏற்றிருந்தவன் மைத்துனன். ஒரு மாதமாகக் கேமராவும் கையுமாக அங்கேயே கிடந்தவன், மாமாவுக்கு ஆபத்து என்றதும் ஓடி வந்துவிட்டான்.

அதிகாரியின் முகம் திரை நிறைய வந்தது. "ஏதோ இரைச்சல் கேக்குதே?"

காப்பாளர் சட்டென்று சமாளித்தார். "ஃபேன் சார். ரொம்பப் பழசு."

"சரி, விதானத்தைக் காட்டுங்க."

காப்பாளர் கண்ணைக் காட்ட, மைத்துனன் உதவினான். பொன் பூசிய விதானம் மெல்ல நகர்ந்து வந்தது.

"கிட்டக் கொண்டு போங்க. இன்னும்... அடேயப்பா! பூவுல ஒவ்வொரு இதழும் தெரியுதே! ஏணி வெச்சு ஏறித் துடைச்சீங்களா?"

"பின்னே என்ன சார்?"

"முட்டி வலின்னு போன வாரம் லீவு கேட்டீங்களே?"

"கடமைன்னு வந்துட்டா வலியெல்லாம் எங்க சார் தெரியுது!"

மைத்துனன் சட்டைக் காலரைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான்.

"சன்னல்ல நல்ல வெயில் போல?"

"ஆமா சார், சுள்ளுன்னு அடிக்குது."

"ஓகோ! சிம்மாசனம்?"

அதுவும் வந்தது. அதன் கால்களில் செதுக்கிய சிங்கத்தின் மீசையை எண்ணிவிடலாம் போல அத்தனை துல்லியம்.

"பேருக்குக்கூட தூசு இல்லையே!"

"தினமும் நானே துடைக்கிறேன் சார். இப்பக்கூட துணி கையிலதான் இருக்கு."

"பிரமாதம்! உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்."

காப்பாளரின் நெஞ்சு நிமிர்ந்தது. மாற்றல் பயம் பறந்து, பதவி உயர்வே கிடைத்துவிடும் என்று தோன்றியது.

"இவ்வளவு நேரம் நீங்க காட்டினீங்க. இப்ப நான் ஒண்ணு காட்டறேன், பாருங்க" என்று அதிகாரி தம் போனைத் திருப்பினார்.

கொட்டும் மழையில் அரண்மனையின் வாசற்கதவு தெரிந்தது. அதில் உள்ளங்கை அகலப் பூட்டு ஒன்று, நீர் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது.

மாமா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நானூறு போட்டோக்களை ஒட்டித் தான் உருவாக்கிய கொலுமண்டபத்தை லேப்டாப்போடு மெல்ல மூடினான் மைத்துனன். "வாசலை மட்டும் நான் இன்னும் எடுக்கல மாமா."