குஞ்சுக்குப் போட்ட கட்டு

நாரேயைப் பெண் கேட்டு வந்த ச்சோல்கி, அவள் அம்மாவை இடுப்பு வளைய வணங்கினான். நிமிர்ந்த பதற்றத்தில், பாவம், ஒரு கோழிக்குஞ்சின் விரலை மிதித்துவிட்டான்.

"போச்சு! மாப்பிள்ளையைப் பிடிச்சாத்தான் அம்மா முட்டைக்கோழியை அடிச்சு விருந்து வைப்பாங்க!" என்று நாரே தலையிலடித்துக்கொண்டாள்.

அவன் குஞ்சை மடியில் வைத்து, வளைந்த விரலை நிமிர்த்தி, அட்டைத்துண்டை முட்டுக்கொடுத்துப் பிளாஸ்திரி சுற்றினான்.

சாப்பாட்டுக்கு வந்தது வெறும் சோயா சூப்பும் கிம்ச்சியும்தான்.

நாரேக்குக் கண் கலங்கிவிட்டது. "இவரைப் பிடிக்கலையாம்மா?"

"கோழியடிக்கக் கத்தியோடதான்டி போனேன். அது இவர் பக்கத்துல நின்னு, தன் குஞ்சுக்கு நடக்கிற வைத்தியத்தைப் பார்த்துக்கிட்டிருக்கு. அந்தத் தாயை எப்படி அடிப்பேன்? கல்யாணத்துக்குப் பன்னிக்கறி போட்டுடலாம். அதுவரைக்கும் பன்னிப்பட்டிப் பக்கம் போயிடாதீங்க, மாப்பிள்ளை!"