திறந்திருந்த ஒரே கடை

யாழ்ப்பாணம் முழுக்கப் பூட்டு. பஸ் ஸ்ராண்டில் ஒரு குஞ்சு குருமானும் இல்லை. லாபிர் நானாவின் தேத்தண்ணிக் கடை மட்டும் ஆவென்று திறந்து கிடந்தது.

அதை எவனோ படம்பிடித்து, "ஹர்த்தால் பிசுபிசுத்துப் போச்சு" என்று பேஸ்புக்கில் வேறு போட்டுவிட்டான். கொழும்பிலிருந்து டீவிக்காரர் வந்துகொண்டிருந்தார்கள். கஜானனுக்குத் தலை வெடிக்காத குறை.

பின்னே? இராணுவம் பிடித்து வைத்திருக்கிற காணிகளை விடச்சொல்லி நடக்கிற இந்தக் கடையடைப்பை ஓடியாடி ஒழுங்கு செய்தவனே அவன்தான். கம்பஸில் அரசியல் படிப்பிக்கிறவன். சட்டமறுப்பு, அதிகாரம், சம்மதம் என்று தொடங்கினால் மணி அடித்தாலும் நிற்பாட்டமாட்டான். இப்போது ஒரு தேத்தண்ணிக் கடை அவனுடைய பாடத்தையே பிழையாக்கப் பார்க்கிறது.

"விடுங்கோ எமில் அண்ணை ஓட்டோவை!" என்றான்.

எமில்ராஜின் ஓட்டோ, கூரையில் கட்டிய ஸ்பீக்கரோடு, முஸ்லிம் ஆட்களின் தெருவுக்குள் போய் நின்றது. மற்றக் கடையெல்லாம் பூட்டு. லாபிர் வாசலில் முக்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு இருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வடைகூட இல்லை. எல்லாத்தையும் விற்று முடித்துவிட்டார் மனுசன் என்று கஜானனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"வாங்கோ தம்பி, இருங்கோ."

"இருக்க வரேல்லை நானா. என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்?"

"கடை வைச்சிருக்கிறன்."

எமில்ராஜ் சிரிப்பை மறைக்க இருமினார்.

கஜானன் பொறுமையாகத் தொடங்கினான். "நானா, அதிகாரம் எண்டது ஆமியின்ரை துவக்கிலை மட்டும் நிக்கிறேல்லை. எங்கடை சம்மதத்திலைதான் நிக்குது. நாங்கள் சம்மதத்தைத் திருப்பி எடுத்தால் அது ஆடிப்போகும். இண்டைக்கு ஊர் செய்யிறது அதைத்தான்."

"நானும் அதைத்தானே தம்பி செய்யிறன். உங்கடை ஹர்த்தாலுக்கு நான் சம்மதம் தரேல்லை."

"பக்கத்துக் கடைக்காரர் எல்லாரும் பூட்டினவைதானே?"

"அவை ஏன் வம்பெண்டு பயத்திலை பூட்டினவை. பயமும் சம்மதமும் ஒண்டோ?"

"உது விதண்டாவாதம்!"

"நீங்கள் மறுத்தால் சட்டமறுப்பு. நான் மறுத்தால் விதண்டாவாதம். நல்லாயிருக்கு."

எமில்ராஜ் இப்போது இருமவில்லை, வாய்விட்டே சிரித்தார்.

"ஊரோடை ஒத்தோட வேணும் நானா!"

"தொண்ணூறாம் ஆண்டு ஊர் ஓடேல்லையே தம்பி. நாங்கள் மட்டும்தானே ஓடினனாங்கள்."

சிரிப்பு நின்றது. புலிகள் இயக்கம் ஸ்பீக்கரில் அறிவித்து, அந்தத் தெருச் சனம் முழுவதையும் ஒரே நாளில் உடுத்த துணியோடு ஊரைவிட்டு அனுப்பிய கதை மூன்று பேருக்கும் தெரியும். போனவர்களில் கொஞ்சப்பேர்தான் திரும்பி வந்தார்கள். லாபிர் அதில் ஒருவர்.

கஜானன் குரலைத் தணித்தான். "காணி பூமி போன நோவு உங்களுக்குத் தெரியாததே? பிறகேன் இப்பிடிச் செய்யிறியள்?"

"கடையைப் பூட்டச் சொல்லி என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே."

"என்ன கோதாரிச் சாட்டு இது! நாலு நாளாய் ஊர் முழுக்க ஸ்பீக்கர் கட்டிச் சொன்னனாங்கள்!"

"சேர்..." எமில்ராஜ் தலையைச் சொறிந்தார். "இந்தத் தெரு முகப்பிலை வைச்சு நீங்கள்தானே ஓட்டோவைத் திருப்பச் சொன்னனீங்கள்."

கஜானனுக்கு முகம் கறுத்தது. ஆனால் காரணம் இருந்தது. படித்தவன் அல்லவா, நல்ல காரணமாகவே இருந்தது.

"ஓம், சொன்னனான்தான். ஏனெண்டு கேளுங்கோ. திரும்பவும் ஒரு ஸ்பீக்கர் இந்தத் தெருவுக்குள்ளை வந்தால் பழைய காயத்தைக் கிளறின மாதிரிப் போயிடும். கூட்டு நினைவு எண்டு அதைப்பற்றி நான் கட்டுரையே எழுதியிருக்கிறன்."

"அல்லாவே, கட்டுரையோ!" என்றார் லாபிர். கையை விரித்துக் காட்டினார்.

வென்றாயிற்று என்று கஜானனுக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில்தான் தொண்டை வறண்டு கிடப்பது தெரிந்தது. எழும்பினதிலிருந்து ஒரு சொட்டுத் தேத்தண்ணி இல்லை. எங்கே குடிக்கிறது? ஊரையே பூட்டுவித்தவன் அவன். மெல்ல வாங்குப் பலகையில் இருந்தான்.

"சரி நானா, ஒரு பிளேன்ரீ போடுங்கோ. குடிச்சுப்போட்டு எல்லாருமாய்ப் பூட்டுவம்."

"சேர், ஹர்த்தால்!" என்றார் எமில்ராஜ்.

"சும்மா இருங்கோ அண்ணை. காசு குடுத்தால்தானே வியாபாரம்?"

எமில்ராஜ் யோசித்துப் பார்த்தார். "அப்பிடியெண்டால் எனக்கும் ஒண்டு. சீனி கூடப் போட்டு."

லாபிர் முக்காலியை விட்டு அசையவில்லை. "தரேலாது தம்பி. அடுப்பு மூட்டேல்லை."

கஜானன் உள்ளே எட்டிப் பார்த்தான். அடுப்பில் சாம்பல் வழித்துத் துடைத்திருந்தது. கேத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. வடைப்பெட்டியும் விற்று முடிந்த பெட்டியில்லை. இன்றைக்கு அதில் வடை வைக்கவே இல்லை.

"அப்ப... கடை திறந்திருக்கே?"

"கடை நேற்றே பூட்டியாச்சு. கதவுதான் திறந்து கிடக்குது."

"ஏன் நானா?"

லாபிர் ஓட்டோக் கூரையில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"அண்டைக்கு 'போங்கோ' எண்டு சொல்ல இந்தத் தெருவுக்கு ஸ்பீக்கர் வந்தது. இண்டைக்கு, கோவத்திலையெண்டாலும் வந்து, 'நீங்களும் எங்களோடை சேந்து பூட்டுங்கோ' எண்டு ஒருக்காக் கூப்பிடமாட்டியளோ எண்டுதான் தம்பி, கதவைத் திறந்து வைச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறன்."