கூடத்தில் கடல் திறப்பு விழா

தன் வீட்டுக் கூடத்தில் கடல் திறக்கப்போவதாகத் தணிகாசலம் ஊர் முழுக்க வாட்ஸ்அப் அழைப்பு அனுப்பி, மேளத்துக்கும் முன்பணம் கொடுத்த பிறகுதான் மீன்தொட்டிக் கடைக்காரர் அவரிடம் சொன்னார்: புதுத் தொட்டியில் உப்புத் தண்ணீர் பக்குவப்பட ஒரு மாதமாவது ஆகும், அதுவரை மீன் விடக்கூடாது. வரச்சொன்னவர்களை வரவேண்டாம் என்றால் மச்சினன் முன்னால் மானம் போய்விடும். எனவே நல்ல நேரத்தில் தொட்டியை மூடியிருந்த பட்டுத்துணியை விலக்கினார். உள்ளே தண்ணீர், மணல், ஒரு பாறை.

"மீனெல்லாம் எங்க மாமா, குழம்புலயா?" என்றான் மச்சினன் துரைக்கண்ணு.

கூடமே சிரித்தது. தணிகாசலம் தொண்டையைச் செருமினார். "கடல் என்பது மீன் மட்டுமல்ல மச்சான். கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள்..."

"தெரியாததைக் காட்டவா மதுரையிலேர்ந்து கூப்பிட்டீங்க?"

"ஏங்க, பாறை அசையுது!" என்று கத்தினாள் அவர் மனைவி பங்கஜம்.

கடலிலிருந்து வந்த அந்தப் பாறையின் பொந்திலிருந்து மிளகளவு நண்டு ஒன்று, யாரும் அழைக்காமலே வந்து நின்று, ஒரு கொடுக்கைத் தூக்கி ஆட்டியது. துரைக்கண்ணு தடாலென்று மண்டியிட்டு, கண்ணாடியில் மூக்கை ஒட்டினான்.

"இது பேரென்ன மாமா?"

நூறு மீன்களின் லத்தீன் பெயர்களை உருப்போட்டு வைத்திருந்த தணிகாசலம், பட்டுவேட்டி கசங்க அவன் பக்கத்தில் மண்டியிட்டு, "தெரியலையே மச்சான்!" என்றார், வாயெல்லாம் பல்லாக.

தவில்காரர் என்ன நினைத்தாரோ, கெட்டிமேளம் கொட்டினார். தணிகாசலம் திரும்பிக்கூடப் பார்க்காமல், நிறுத்தச்சொல்லிக் கையை உயர்த்தினார்.

உள்ளே நண்டு, இன்னொரு கொடுக்கையும் உயர்த்தியது.